மூன்றாம் பெஞ்சுக்காரி

2024 ஜூலை 4, வியாழன்

ஏழாம் வகுப்பு அலகுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 37ஐ 43ஆல் பெருக்கச் சொல்லி ஒரு கணக்கு. மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் பெண் 1591 என்று விடையை மட்டும் எழுதியிருந்தாள். வழிமுறை ஒரு வரிகூட இல்லை. பார்த்து எழுதிவிட்டாள் என்று நினைத்து மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, பக்கத்தில் இருப்பவள் எழுதியிருந்தது 1481.

இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். திட்டப்போகிறேன் என்ற பயத்தோடு சொன்னாள். "நாப்பதுக்கு இந்தப் பக்கம் மூணு தள்ளி ஒண்ணு, அந்தப் பக்கம் மூணு தள்ளி ஒண்ணு டீச்சர். நாப்பது நாப்பது ஆயிரத்தறுநூறு. அதுல ஒம்பது போயிடும்." ஏன் ஒன்பது என்றேன். தரையில் சாக்பீஸால் சதுரம் ஒன்று போட்டாள். ஓரத்தில் மூன்று அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி, அதைத் திருப்பி இன்னொரு பக்கம் ஒட்டினாள். ஒட்டியது போக, மூன்றுக்கு மூன்று ஒரு சின்னத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "இதான் டீச்சர் அந்த ஒம்பது."

இதற்கான சூத்திரங்களை, அதாவது முற்றொருமைகளை, நான் இன்னும் நடத்தவே இல்லை. பதினாறு வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்தக் குறிப்புகளில் அவளை மூன்றாம் பெஞ்சுக்காரி என்றே எழுதுவேன். பெயர் வேண்டாம்.

ஜூலை 8, திங்கள்

மற்ற ஆசிரியர்களிடம் விசாரித்தேன். கையெழுத்து மோசம். சமூக அறிவியலில் 28. வகுப்பில் வெளியே வேடிக்கை பார்ப்பாள். கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பிக் கேட்பாள். "கொஞ்சம் திமிரு" என்றார் ஒருவர். யாரும் பொய் சொல்லவில்லை. முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையைத்தான் புத்திசாலிப் பிள்ளை என்று நாம் எல்லோருமே பழகிவைத்திருக்கிறோம். சலிப்புக்கும் சோம்பலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்.

சோதனை வைத்துப் பொறுக்கினாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் விடுபட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், அதிபுத்திசாலிப் பிள்ளைகளைப் பற்றி 1921இல் தொடங்கிய ஆய்வுக்கு நுண்ணறிவுச் சோதனையை வைத்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சோதனையை எழுதியும் மதிப்பெண் போதாமல் விடுபட்டவர்களில் இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். இருவருமே பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். மதிப்பெண்ணைப் பாதியாக்கிய என் சிவப்புப் பேனாவை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள் விழா. மேடையில் அவளை நிறுத்தி, ஈரிலக்கப் பெருக்கல்களாகக் கேட்டேன். பத்துக்குப் பத்து. தலைமையாசிரியர் சால்வை போட்டார், ஊராட்சித் தலைவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். கைதட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று. அவள் அப்பா நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர். கடைசி வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நிறைவாக இருந்தது என்று எழுதிய அந்த வரியை இன்று படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

டீக்கடையில் நிறுத்திப் பெருக்கல் கேட்கிறார்களாம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பிக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் அவள் பெயர் இப்போது "கால்குலேட்டர்". பயிற்சி மையக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, பெண்ணை ஐஐடிக்கு அனுப்புவதாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி நான்காம் வகுப்பு. "அக்காவைப் பாரு" என்று அவனுக்கும் தினமும் அடி விழுகிறது.

வகுப்பில் அவள் கை தூக்குவது நின்றுபோய் இரண்டு வாரமாகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டுத் தாள்களைக் கொடுத்தேன். கணக்கில் அவளுக்கு 61. தப்புகள் எல்லாம் ஒரே மாதிரி. முதல் நான்கு வரி சரியாக வந்து, கடைசி வரியில் மட்டும் விடை மாறும். ஓரிடத்தில் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுதியிருந்தாள்.

எல்லோரும் போனபின் மெதுவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நூறு வாங்குனா அடுத்த தடவையும் நூறு வாங்கணும்ல டீச்சர்" என்றாள்.

பன்னிரண்டு வயது.

க்ளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் பயிற்சி வகுப்பு ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள், நானும் குறிப்பெடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்து, தங்களுக்கு நன்றாக வரும் எளிய புதிர்களையே அதிகம் விரும்பினார்கள். கடினமானதைக் கொடுத்துத் தோற்றபோது சீக்கிரம் துவண்டார்கள். குறிப்பு நோட்டு அலமாரியில் கிடக்க, நான் சால்வை போட மேடை ஏற்றியிருக்கிறேன். "நான் செஞ்சது தப்பும்மா" என்று அவளிடமே சொன்னேன். நம்பாத மாதிரி பார்த்தாள்.

அக்டோபர் 21, திங்கள்

வகுப்பின் பின்பக்கம் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே நாட்கணக்கில் இழுக்கும் கணக்குகள். யாரும் எடுக்கலாம். விடையில் பெயர் எழுதக்கூடாது, மதிப்பெண் கிடையாது. முதல் வாரம் எட்டுத் தாள் போனது. அதில் ஒரு கையெழுத்து எனக்குத் தெரியும். இன்னொன்று கடைசிப் பெஞ்சுப் பையனுடையது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நவம்பர் 20, புதன்

மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு பற்றி அவள் அப்பாவிடம் பேசினேன். எட்டாம் வகுப்பில் எழுதுவது. மனத்திறன் 90, படிப்பறிவு 90. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். எட்டு முடித்தால் உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அந்த வீட்டில் இப்போதே பேச்சு இருக்கிறது. அந்தப் பணம் வந்தால் பேச்சு மாறும். ஆனால் எழுதுவதற்கே ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும். சமூக அறிவியல் 28ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கும்பகோணத்துக்காரர்களுக்கு இது புதிய கதை இல்லை. 1904இல் இங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று அதை இழந்தார். அடுத்த வருடம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தோல்வி. அவரைக் காப்பாற்றியது எந்தத் தேர்வும் இல்லை. திருக்கோவிலூரில், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர் அவருடைய நோட்டைப் பிரித்துப் படித்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியது அதற்கப்புறம், 1913இல். நம் ஊரில் சிலை வைக்கிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். அந்த உதவித்தொகை போன கதையை மட்டும் மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சமூக அறிவியல் டீச்சரிடம் போய் உட்கார்ந்தேன். திமிர் என்று சொன்னவர் அவர்தான். "தேதியா மனப்பாடம் பண்ணச் சொல்லாம, ஏன்னு கேட்க விட்டுப் பார்க்கிறேன்" என்றார். அதுபோதும்.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்க சாம்பியன் ஆகிவிட்டான், 18 வயதில். டிவியில் பார்த்துவிட்டுக் காலையிலேயே அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். "நம்ம பிள்ளையும் டிவியில வரணும் டீச்சர். பட்டறை முடிஞ்சு வந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார வைக்கிறேன்."

அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கப் பித்தளைத் தூளில் நிற்கிற மனிதர், பெண்ணின் கை அதில் படக்கூடாது என்று நினைக்கிறார். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே விட்டார். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது என்று சொன்னேன். "நம்மால அதெல்லாம் முடியாதே" என்றார். முடியாது அண்ணே, வேண்டியதும் இல்லை, ராத்திரி ஒன்பதுக்குத் தூங்க விடுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் கணக்குப் போடச் சொல்லாதீர்கள், பையனை அக்காவோடு ஒப்பிடாதீர்கள் என்றேன். கடைசியில் சொன்னது அவரைத் தைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

ராமானுஜன் பிறந்தநாள். அவளையும் தம்பியையும், அந்தக் கடைசிப் பெஞ்சுப் பையனையும் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். "இவ்வளவு சின்ன வீடா டீச்சர்?" என்றாள். தெருவைப் பார்த்த ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள். அவளும் ஜன்னலோரக்காரிதானே.

திரும்பும்போது ஒரு கணக்கு சொன்னேன். ஏதாவது ஒரு எண். அதை அதாலேயே பெருக்கு, அதே எண்ணைக் கூட்டு, 41ஐக் கூட்டு. பகா எண்தான் வருமா? பஸ்ஸிலேயே போட ஆரம்பித்தார்கள். 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53. இறங்குவதற்குள் பத்து வரை போய்விட்டது. "எப்பவுமே பகா எண்தான் டீச்சர்" என்றாள் உறுதியாக. நான் ஒன்றும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 8, புதன்

காலை வழிபாட்டுக்கு முன்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது, நோட்டில் எட்டுப் பக்கம். "நான் சொன்னது தப்பு டீச்சர்!" இவ்வளவு சந்தோஷமாக ஒரு பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தொன்பது வரைக்கும் பகா எண்களாகவே வந்ததாம், நாற்பதில் உடைந்துவிட்டதாம். "பெருக்கிப் பார்க்கவே வேணாம் டீச்சர். நாப்பதை நாப்பதால பெருக்கி நாப்பதைக் கூட்டுனா நாப்பது நாப்பத்தொண்ணு. அதோட இன்னொரு நாப்பத்தொண்ணு. மொத்தம் நாப்பத்தொரு நாப்பத்தொண்ணு!"

பின்னாலேயே கடைசிப் பெஞ்சுக்காரனும் வந்து சேர்ந்தான். 41க்குப் பதிலாக 17 போட்டால் பதினாறில் உடைகிறது என்றான். அதை அவன்தான் முதலில் பார்த்தான் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

மணி அடித்துவிட்டது. இரண்டு பேரும் வேறென்ன எண் போடலாம் என்று பேசிக்கொண்டே வரிசைக்குப் போனார்கள்.