ஹாமில்டனின் கருவூலம், ஜெஃபர்சனின் லூசியானா

அமெரிக்காவை நிறுவிய தலைவர்களுள் இருவரான ஜெஃபர்சனையும் ஹாமில்டனையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் அவர்கள் எழுதியவற்றையே அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். பொறுப்பில் இருந்தபோது செய்தவற்றைப் பார்த்தால்தான் இருவரும் விட்டுச்சென்றது என்ன என்பது விளங்கும் என்பது என் எண்ணம். அதற்கு 1803-ஐவிடப் பொருத்தமான ஆண்டு இல்லை.

அதற்கு முன் 1791-ஐச் சொல்ல வேண்டும். நிதிச் செயலாளர் ஹாமில்டன் முன்வைத்த தேசிய வங்கி மசோதாவில் கையெழுத்திடலாமா என்று அதிபர் வாஷிங்டன் தம் அமைச்சர்களிடம் கருத்துக் கேட்டார். அரசியல் சாசனம் வழங்காத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது, அது மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று வெளியுறவுச் செயலாளர் ஜெஃபர்சன் எழுதிக் கொடுத்தார். ஒரு பணியை அரசிடம் ஒப்படைத்த சாசனம் அதை நிறைவேற்றும் வழிகளையும் சேர்த்தே ஒப்படைத்திருக்கிறது என்று ஹாமில்டன் மிக நீண்ட பதில் எழுதினார். வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

1803-இல், வட அமெரிக்காவில் பிரான்சின் வசமிருந்த லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் நெப்போலியன் விற்க முன்வந்தபோது அதிபராக இருந்தவர் ஜெஃபர்சன். விலை 1.5 கோடி டாலர். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் அந்நிய நிலத்தை வாங்கும் அதிகாரம் பற்றிச் சாசனத்தில் ஒரு வரியும் இல்லை. ஜெஃபர்சன் தம் கொள்கைக்கு ஏற்பச் சாசனத் திருத்தத்துக்கு வரைவும் எழுதினார். ஆனால் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய ஆறு மாதமே கெடு இருந்ததாலும், நெப்போலியன் மனம் மாறிவிடலாம் என்று பாரிசிலிருந்து எச்சரிக்கை வந்ததாலும், வரைவை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பினார். அக்டோபரில் 24-க்கு 7 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. தொகையில் 1.125 கோடி டாலர் கடன் பத்திரங்களாகவே தரப்பட்டது. லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் ஆகிய வங்கி நிறுவனங்கள் அவற்றை நம்பி ஏற்றன. 1790-இல் மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனை மத்திய அரசின் பொறுப்பாக்கி, சொன்னபடி வட்டி கட்டும் நாடு என்ற பெயரை ஹாமில்டன் உண்டாக்கியிராவிட்டால் அந்த நம்பிக்கை எளிதில் பிறந்திருக்காது.

ஆள்வதற்கான கருவிகளைத் தந்தவர் ஹாமில்டன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அதிபர் ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம் என்று சாசனத்தை வரைந்த 1787 மாநாட்டில் முன்மொழிந்த அவரிடம் சாதாரண மக்கள் மீதான நம்பிக்கையைத் தேடிப் பயனில்லை. அந்த நம்பிக்கைக்குச் சொல் தந்தவர் ஜெஃபர்சன். 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில் கூடிய பெண்கள் தங்கள் உரிமைப் பிரகடனத்துக்கு எடுத்துக்கொண்டது ஜெஃபர்சன் வரைந்த அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகங்களைத்தான்.

அதே ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். ஹாமில்டனோ அடிமைகளின் விடுதலைக்காக நியூயார்க்கில் இயங்கிய சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். லூசியானா நிலத்திலிருந்து உருவான மிசோரியில் அடிமைமுறை தொடரலாமா என்ற பூசல் 1820-இல் முற்றியபோது, அதை நள்ளிரவில் ஒலிக்கும் தீ எச்சரிக்கை மணி என்று ஜெஃபர்சன் எழுதினார். ஆனால் மாநிலத்துக்குள் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்றே வாதிட்டார். நிலம் வாங்கும்போது நெகிழ்ந்து கொடுத்த அவருடைய சாசன விளக்கம், அங்கே உழைக்கப்போகும் மனிதர்களின் விடுதலை என்று வந்தபோது இறுகிப்போனதை என்னால் ஏற்க முடியவில்லை.