மாதச் சம்பளம் கொடுத்த முதலாளி

சினிமாவில் மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தது என்றால் இப்போது புரொடக்‌ஷனுக்கு வரும் பையன்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பேட்டா என்கிற தினப்படி, அட்வான்ஸ், பாக்கி. நான் எண்பதுகளில் சென்னையில் புரொடக்‌ஷன் மேனேஜர் வேலைக்கு வந்தபோது அந்தச் சம்பளக் காலம் முடிந்துவிட்டிருந்தது, ஆனால் அதில் வேலை பார்த்த பெரியவர்கள் கொஞ்சம் பேர் ஃபீல்டில் இருந்தார்கள். வவுச்சர் எழுதுவது, கால்ஷீட் போடுவது, செட் பிரித்த மரத்தை அடுத்த செட்டுக்கு எடுத்து வைப்பது எல்லாம் அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான். அவர்களில் சேலத்து ஆட்களைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். ஏழு மணி கால்ஷீட் என்றால் ஆறரைக்கே வந்து நின்று, வராதவன் யார் என்று கேட்பார்கள். ‘முதலாளி’ என்று பெயர் சொல்லாமல் சொன்னார்கள் என்றால் அது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் சொந்தக்காரர் டி.ஆர்.சுந்தரம் ஒருவரைத்தான். அவர் 1963லேயே இறந்துவிட்டார், இவர்கள் குரலில் மட்டும் அந்தப் பயம் போகவில்லை.

சுந்தரத்தின் கதை பலருக்குத் தெரியும். திருச்செங்கோட்டில் நூல் வியாபாரக் குடும்பம், இங்கிலாந்தில் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பப் படிப்பு, திரும்பி வந்து சினிமா. இதில் சினிமாக்காரர்கள் கண்டுகொள்ளாத விஷயம் அந்த ஜவுளிப் படிப்புதான் என்பது என் எண்ணம். மில்லில் தறி நின்றால் நஷ்டம், நூல் வருவதற்கு முன்னாலேயே தறி காலியாகிவிட்டால் சம்பளம் தண்டம். ஸ்டுடியோவை அவர் அப்படித்தான் நடத்தினார். ஒரு படம் பாதியில் இருக்கும்போதே அடுத்த படத்தின் கதை தயாராகி, அதற்கு அடுத்ததன் வசனம் யாரோ ஒருவர் மேஜையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதம் பிறந்ததும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று இன்று நினைக்கிறோம். அந்தக் காலத்து ஸ்டுடியோ முதலாளிக்குப் பணம் போடுவது வேலையில் பாதிகூட இல்லை, ஃப்ளோர், அதாவது செட் போட்டுப் படமெடுக்கும் கூடம், காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் முழுநேரக் கவலை.

அவர் சேலத்தில் ஸ்டுடியோ கட்டியதற்கும் இதே கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். முப்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். நாடகக் கம்பெனி ஆட்களை மொத்தமாக ரயிலேற்றி, அங்கே தங்க வைத்து, சாப்பாடு போட்டு, வாடகைக்கு எடுத்த ஃப்ளோரில் எடுத்துத் திரும்ப வேண்டும். ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற படக் கம்பெனியில் பங்காளியாக இருந்தபோது சுந்தரம் இதையெல்லாம் அனுபவித்தவர். வெளியூர் ஷூட்டிங்கில் நடிகர் சம்பளத்தைவிட நாள்கணக்கான சாப்பாட்டுச் செலவு எப்படி ஆளைச் சாய்க்கும் என்று புரொடக்‌ஷன் பார்த்த எவனுக்கும் தெரியும். அந்தச் செலவை ஒரேயடியாக நிறுத்துவதற்கு ஏற்காடு போகும் சாலையில் நிலம் பிடித்து, ஃப்ளோர், ஃபிலிம் கழுவும் லேப், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்தார். மலைக் காட்சி வேண்டுமா, பின்னாலேயே மலை. 1937ல் முதல் படம் ‘சதி அகல்யா’. அடுத்த வருடமே ‘பாலன்’, மலையாளத்தின் முதல் பேசும் படம், நம் சேலத்தில் தயாரானது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் என்று அவர் எந்த மொழியையும் விடவில்லை. மொழிப் பற்றெல்லாம் இல்லை, ஃப்ளோர் ஓட வேண்டும். 1952ல் அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம் எடுத்ததையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இன்னொன்று, படத்தை நிறுத்த மாட்டார். ‘மந்திரி குமாரி’ 1950ல் வந்தது, கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் வேலை முடிவதற்கு முன்பே அமெரிக்கா கிளம்பிவிட்டார். இன்று இப்படி நடந்தால் பஞ்சாயத்து, சங்கம், கடிதம், அறிக்கை, ஆறு மாதம் படம் பெட்டியில் தூங்கும். சுந்தரம் தானே மீதியை இயக்கி முடித்தார், டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் வந்தது. அவருக்கு டைரக்‌ஷன் கைவந்த வேலை, ‘உத்தம புத்திரன்’ (1940) பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் வைத்து அவரே இயக்கியது. ஆனாலும் அவர் இத்தனை படங்களைத் தானே இயக்கியதற்குக் கலை ஆர்வத்தைவிட தேதி ஆர்வம்தான் முக்கியக் காரணம் என்று ஒரு சந்தேகம் எனக்குண்டு. முதலாளியே டைரக்டர் என்றால் ‘இன்னும் இரண்டு நாள் வேண்டும்’ என்று கேட்க யாரும் இல்லையே!

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) பற்றி சினிமாக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். தேதி ஒத்துவராமல் போனதும் சுந்தரம் டூப்பை வைத்து மீதிக் காட்சிகளை முடித்துவிட்டார் என்பார்கள். அதைச் சொல்லும்போது எங்கள் பெரியவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும், பாருங்கள், அது நட்சத்திரத்தை மடக்கிவிட்ட திருப்தி. நான் வேலை பார்த்த காலத்தில் நட்சத்திரம் மதியத்துக்கு மேல் வந்தாலும் அவர் கேரவனுக்கு முன்னால் ஜூஸோடு நின்றவர்கள் நாங்கள். ‘அலிபாபா’தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்தது. மலையாளத்தின் முதல் வண்ணப் படமும் அவருடையதே, ‘கண்டம் பெச்ச கோட்டு’, 1961. புதிதாக எது வந்தாலும் முதலில் போய்க் கைவைத்தார்.

சென்னை முதலாளிகள் வேறு ரகம். ஜெமினி ஸ்டுடியோ வாசன் ‘சந்திரலேகா’வுக்கு வருடக்கணக்கில் செலவழித்து, முரசு நடனம் எடுத்து, அதை இந்தியா முழுக்க விற்றுக் காட்டினார். ஏ.வி.எம். செட்டியார் ‘ஸ்ரீவள்ளி’ வெளியான பிறகும் திருப்தி இல்லாமல் கதாநாயகியின் பாட்டுக் குரலை மாற்றி பாடகி பெரியநாயகி குரலைச் சேர்த்தவர். ஒரு புரொடக்‌ஷன் மேனேஜராக எனக்கு யாரிடம் வேலை செய்ய ஆசை என்று கேட்டால் தயங்காமல் சேலம் என்பேன். ஒரு ரசிகனாக எந்தப் படத்தை மறுபடி பார்ப்பாய் என்றால் பதில் சேலமாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி எடுத்த 100க்கும் மேற்பட்ட படங்களில் நிறையப் படங்கள் அவசரமாகச் செய்த பண்டம்போலத்தான் இருக்கும்.

சம்பள முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. முதல் தேதி பணம் கையில் வரும், ஆனால் படம் நூறு நாள் ஓடினாலும் அதே பணம்தான். கருணாநிதி, கண்ணதாசன் போன்றவர்கள் அங்கே இருந்து பழகி, பிறகு சென்னைக்கு வந்துதான் பெரிய ஆளானார்கள். பேனாவில் சரக்கு உள்ளவன் எவ்வளவு நாள் மாதச் சம்பளத்தில் இருப்பான்? இருந்தவர்கள் தச்சரும், லேப் ஆட்களும், லைட் பிடிப்பவர்களும்தான். என்னிடம் ஒரு தயாரிப்பாளர் கொடுத்த செக் திரும்பி வந்து, லைட்மேன்களுக்கு என் கைக்காசைப் பிரித்துக் கொடுத்த ராத்திரி அந்தப் பழைய ஆட்கள் பக்கம்தான் எனக்கு மனம் சாய்ந்தது. வெற்றியில் பங்கு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தோல்வியில் நம் வீட்டு அரிசிக்கு ஆபத்து இல்லை. பெரும்பாலான தொழிலாளிகளுக்கு அந்த ஒப்பந்தம் போதும்.

சுந்தரத்துக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் கம்பெனியை விடாமல் நடத்தினார். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று ஜெய்சங்கரை வைத்து துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன. ஆனால் அதற்குள் நடிகர்கள் யாரும் எந்த ஸ்டுடியோவுக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. ஹீரோ, காமெடியன், மியூசிக் டைரக்டர் எல்லாரும் கோடம்பாக்கத்தில் இருக்கிறார்கள், ஒரே நாளில் காலை ஒரு படம், மதியம் ஒரு படம். சேலத்துக்கு வா என்றால் ரயில் டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு, போக வர இரண்டு நாள் வீண். எந்தச் செலவை நிறுத்த அவர் அப்பா சேலத்தில் ஸ்டுடியோ கட்டினாரோ அதே செலவு இப்போது சேலத்தில் இருப்பதாலேயே வந்தது. அப்புறம் டைரக்டர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜமான கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தார்கள், ஃப்ளோரே தேவையில்லை என்றானது. ஜெய்சங்கர் சுறுசுறுப்பாக நடித்துக் கொடுப்பவர் என்று ஃபீல்டில் பெயர் எடுத்தவர், அதனால்தான் அந்தக் கடைசி வருடங்கள் ஓடின என்று எனக்கு ஒரு கணக்கு. வேறு ஹீரோவாக இருந்திருந்தால் அந்த கேட்டை இன்னும் சீக்கிரம் இழுத்துப் பூட்டியிருப்பார்கள்.