கார்டைக் காட்டும் முன் சிப்பைப் பேச வையுங்கள்: ராஸ்பெர்ரி பையும் ஆர்சி522-உம்

ஆர்எஃப்ஐடி கார்டுகளைப் படிக்கும் ஆர்சி522 மாட்யூலை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டுடன் இணைப்பவர்கள் பெரும்பாலும் பைத்தான் கோடில்தான் பிழை தேடுகிறார்கள். பிழை அநேகமாக சால்டரிங்கில் இருக்கும். மாட்யூலோடு வரும் 8 பின் ஹெடரை வெறுமனே துளையில் செருகிவிட்டால், சிவப்பு எல்இடி எரியும். ஆனால் எந்தக் கார்டும் படிக்காது. எல்இடிக்கு மின்சாரமும் கிரவுண்டும் போதும். மற்ற பின்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் முதலில் எட்டையும் சால்டர் செய்யுங்கள். ஈயம் உருண்டையாக மேலே உட்காரக் கூடாது, பின்னைச் சுற்றிச் சரிவாக இறங்கிப் பேடில் ஒட்டியிருக்க வேண்டும்.

இனி வயரிங். கீழே உள்ளவை போர்டில் வரிசையாக எண்ணும் பின் எண்கள், மென்பொருள் பயன்படுத்தும் ஜிபிஐஓ எண்கள் அல்ல. 3.3 வோல்ட் 1-க்கு, கிரவுண்ட் 6-க்கு, எம்ஓஎஸ்ஐ 19-க்கு, எம்ஐஎஸ்ஓ 21-க்கு, எஸ்சிகே 23-க்கு, எஸ்டிஏ 24-க்கு, ரீசெட் 22-க்கு. ஐஆர்க்யூ சும்மா இருக்கட்டும். இதில் எஸ்டிஏ என்ற பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும். ஐ2சி என்ற வேறொரு இணைப்பு முறையின் ஞாபகத்தில் பலர் அதை 3-ஆம் பின்னில் செருகிவிடுகிறார்கள். இங்கே நாம் பயன்படுத்தும் எஸ்பிஐ இணைப்பு முறையில் அது சிப் செலக்ட், அதாவது எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் வயர். போக வேண்டிய இடம் 24. இன்னொன்று: 1-க்குப் பக்கத்திலேயே இருக்கும் 2-ஆம் பின்னில் 5 வோல்ட் வருகிறது. இந்தச் சிப் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. பை போர்டைத் திருப்பிப் பார்த்தால் 1-ஆம் பின்னின் பேட் மட்டும் சதுரமாக இருக்கும், அதை வைத்து எண்ணுங்கள்.

பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் எஸ்பிஐ-யை இயக்கி ரீபூட் செய்தபின், டெவ் ஃபோல்டரில் ஸ்பிடெவ்0.0 தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் கார்டு ரீடரைக் குறை சொல்லிப் பயனில்லை. பை 5-இல் பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ லைப்ரரி ஓடாது, ஜிபிஐஓ பின்கள் அங்கே ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டன. மாற்றாக ஆர்பிஐ-எல்ஜிபிஐஓவை வர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் நிறுவினால், கோடை மாற்றாமலே வேலை நடக்கும்.

கார்டைக் காட்டும் முன், ஹெக்ஸ் 37 முகவரியில் இருக்கும் வெர்ஷன் ரெஜிஸ்டரைப் படியுங்கள். ஹெக்ஸில் 91 அல்லது 92 வந்தால் அசல் சிப், வயரிங்கும் சரி. 88 வந்தால் அது நகல் சிப். சாதாரண வேலைக்கு அதுவும் போதும். 00 அல்லது எஃப்எஃப் வந்தால் சிப் பேசவே இல்லை என்று பொருள்: சால்டரையும், எம்ஐஎஸ்ஓ, ரீசெட் வயர்களையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ஜம்பர் வயர் நீளம் அல்லது தளர்வு. 20 சென்டிமீட்டருக்குள் வைத்தால் தொல்லை குறையும்.

சிப் பேசியும் கார்டு படியவில்லையா? கார்டு 125 கிலோஹெர்ட்ஸ் வகையாக இருக்கலாம். ஆர்சி522 13.56 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும், எந்த கோடும் இதை மாற்றாது. என்எஃப்சி உள்ள போனில் கார்டை வைத்துப் பாருங்கள். போனும் கண்டுகொள்ளாவிட்டால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

எண் வந்தபின்னும் ஒரு குழப்பம் உண்டு. எளிய பைத்தான் லைப்ரரி தரும் எண்ணும் போன் காட்டும் யுஐடியும் (கார்டின் அடையாள எண்) ஒத்துப்போகாது. கார்டின் 4 பைட் யுஐடியோடு ஐந்தாவதாகச் சரிபார்ப்பு பைட்டையும் சேர்த்து ஒரே தசம எண்ணாக்கிவிடுகிறது லைப்ரரி. ஹெக்ஸாக மாற்றிக் கடைசி இரண்டு இலக்கங்களை வெட்டினால் இரண்டும் பொருந்தும். என்டேக் வகை என்எஃப்சி ஸ்டிக்கர்களின் யுஐடி 7 பைட். அவற்றில் இதே லைப்ரரி ஹெக்ஸில் 88-இல் தொடங்கும் எண்ணைத் தந்தால், முதல் 3 பைட் மட்டுமே கிடைத்திருக்கிறது. நிறைய ஸ்டிக்கர் வைத்திருப்பவர்கள் அதை நம்பி அடையாளம் பிரிக்கக் கூடாது.

கார்டில் எழுதுவதானால், மைஃபேர் கிளாசிக் 1கே வகைக் கார்டில் 3, 7, 11 என்று, நான்கு பிளாக் கொண்ட ஒவ்வொரு செக்டாரின் கடைசி பிளாக்கையும் தொடாதீர்கள். சாவிகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே தரவை எழுதினால் அந்த செக்டார் பூட்டிக்கொள்ளும். தமிழில் பெயர் எழுதும் ஆசையும் வேண்டாம். யுடிஎஃப்-8-இல் 'கி' என்ற ஓரெழுத்துக்கே 6 பைட், ஒரு பிளாக்கோ 16 பைட். கார்டில் எண், பெயர் டேட்டாபேஸில்.

பெட்டிக்குள் பொருத்தும்போது ஆன்டெனாவுக்குப் பின்னால் உலோகத் தகடு வராமல் பாருங்கள். மேஜையில் சில சென்டிமீட்டர் தூரத்தில் படித்த கார்டு, இரும்புப் பெட்டியில் ஒட்டவைத்தாலும் படியாமல் போகும்.