கன்று கழிந்தால் ஊசி கேட்காது

மாரி தொடங்கினால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கமிருந்து வருகிற அழைப்புகள் ஒரே மாதிரித்தான் இருக்கும். "டொக்டர், கண்டு கழியுது, வந்து ஒரு ஊசி போட்டுவிடுங்கோ." பிறந்து ஒன்றிரண்டு கிழமையான கன்றுகள் கழிவதற்கு, அதாவது வயிற்றோட்டத்துக்கு, ரோட்டா வைரஸும் மாட்டுக் கொரோனா வைரஸும் முக்கியமான காரணங்கள். (கோவிட் கொரோனா வேறு, இது வேறு.) இந்த இரண்டையும் கொல்ல ஊசி இல்லை. வன்னியில் இவ்வளவு காலம் மிருக வைத்தியராக வேலை செய்தும், இதை நம்பவைப்பதுதான் பெரும்பாடு.

உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கினால் ஆட்கள் கேட்கிறார்கள். சிறுகுடலின் உட்சுவர் துவாய் மாதிரி. சின்னச் சின்ன இழைகள் நிமிர்ந்து நிற்கும். பாலின் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவற்றின் நுனியை வைரஸ் அழித்துவிட, குடித்த பால் செமிக்காமல் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. தண்ணீரும் உப்பும் போய், இரத்தம் அமிலமாகித்தான் கன்று சாகிறது. இழைகள் திரும்ப வளரச் சில நாள் வேண்டும். அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதே வைத்தியம்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பட்டியில் ஜேர்சிக் கலப்பு நாகு கன்று ஒன்று. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிந்த தோல் அப்படியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. வாய்க்குள் விரலை வைத்தேன், குளிர்ந்திருந்தாலும் சூப்பியது. சூப்பினால் நம்பிக்கை இருக்கிறது, வாயாலேயே கொடுக்கலாம். வீட்டு அம்மா பாலை நிறுத்தியிருந்தார். "பால் குடுத்தாக் கூடும் எண்டு சொன்னவை தம்பி." பாலை மறித்தால் கன்று பட்டினியில் இன்னும் சோர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாயிடம் விடச் சொன்னேன். இடையிடையே, ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஒரு பைக்கற் ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு மனிதர் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கரைத்து, நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர். கன்றுக்கென்று உள்ள தூள் கிடைக்காத இடத்தில் அதுதான் கைக்கு வருவது. சூப்பாமல், எழும்ப முடியாமல் கிடந்தால் நாளத்தில் சேலைன் ஏற்ற வேண்டும். அப்போது விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

அது தப்பிவிட்டது. என் கவலை, அதே சேற்றில் பக்கத்தில் கட்டியிருந்த மற்றக் கன்றுகள். ரோட்டா வைரஸ் சாணத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். நோயே காட்டாத பெரிய மாடும் அதைக் கழித்துவிடும். அதனால் கழிகிற கன்றைத் தள்ளிக் கட்டி, சுகமாக நிற்கிற சின்னக் கன்றுகளை முதலில் கவனித்து, நோய்க் கன்றிடம் கடைசியாகப் போக வேண்டும். வாளியும் வேறாக இருக்க வேண்டும். கன்று போட நிற்கிற மாட்டுக்கு, பட்டிக்கு வெளியே காய்ந்த மேட்டு நிலம் நல்லது.

கன்று போட்டதும் சுரக்கிற முதல் பாலான கடும்புப் பால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லீற்றர். ஒரு நாள் கடந்தால் குடல் அதிலுள்ள பிறபொருளெதிரியை (நோயை எதிர்க்கும் புரதத்தை) இரத்தத்துக்குள் விடாது. ஆனாலும் பிறகு கொடுப்பது வீணில்லை. குடலுக்குள் நிற்கிற பிறபொருளெதிரி வைரஸை அங்கேயே மறிக்கும். மிஞ்சினதை அவித்துச் சாப்பிட ஆசைதான், சரி, ஆனால் முதலில் கன்றுக்கு வையுங்கள். இரண்டாம் கிழமை முடியும்வரை பாலோடு கலந்து கொடுக்கலாம். உறைய வைத்த போத்தல் ஒன்று இருந்தால் தாயில்லாக் கன்றுக்கும் உதவும். உருக்கும்போது மட்டும் அடுப்பில் வைக்காமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை இறக்கி வையுங்கள்.