பத்மு குகையில் ஒரு காலை

கிரேக்க நாட்டின் பத்மு தீவில் விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயுஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ராத்திரி வெகுநேரம் கழித்து ஸ்காலாவில் இறங்கினோம். காலையில் நானும் மனைவியும் மலைப்பாதையில் நடந்தே ஏறினோம். உச்சியில் 1088-இல் தொடங்கப்பட்ட யோவான் மடாலயம் கோட்டை மாதிரி நிற்கிறது. ஆனால் என் மனமெல்லாம் பாதி வழியில் இருக்கும் குகையில்தான். இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட யோவான், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் தரிசனங்களைக் கண்டது அங்கேதான் என்கிறார்கள்.

படிகளில் இறங்கினால் சின்ன ஆலயம். அதன் ஒரு பக்கம் வெறும் பாறை. யோவான் தலை சாய்த்த இடம் என்று ஒரு குழிக்கு வெள்ளி விளிம்பு கட்டியிருக்கிறார்கள். மேலே பாறை மூன்றாகப் பிளந்திருக்கிறது. திரித்துவத்தின் அடையாளம் என்கிறார்கள். அங்கே உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தேன்.

சிறுவயதில் வெளிப்படுத்தின விசேஷம் என்றாலே எனக்கு நடுக்கம். கூட்டங்களில் 666, மிருகம், அக்கினிக்கடல் என்றே கேட்டு வளர்ந்தேன். பள்ளி விட்டு வரும்போது வீடு அமைதியாக இருந்தால், இயேசுவின் இரண்டாம் வருகை முடிந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அழுவேன். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் புத்தகத்தின் கிரேக்கப் பெயரான 'அப்போகாலிப்சிஸ்' என்ற சொல்லுக்கு அழிவு என்று பொருளே இல்லை. மூடியதை விலக்குவது, அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில், கழுதைமேல் போன பிலேயாம் தீர்க்கதரிசியின் கண்களைக் கர்த்தர் திறந்தார் என்கிற இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு போடுவதும் இதே வினையைத்தான். தேவதூதன் அதற்கு முன்பே வழியில் நின்றுகொண்டிருந்தான். கழுதைக்குத் தெரிந்தது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை! நம் வேதாகமத்தில் இந்தப் புத்தகத்தின் பெயரே அதைச் சொல்கிறது. எத்தனை வருஷம் அந்தப் பெயரைப் படித்தும் நான் கேட்கவில்லை.

வெளியே வந்தோம். கிழக்கே கடலுக்கு அப்பால் எபேசு, சிமிர்னா: யோவான் எழுதி அனுப்பிய ஏழு சபைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று அந்தப் புத்தகத்தில் வரும் வரி எனக்குப் பிடித்ததே இல்லை. தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் இல்லாத பரலோகமா? ஆனால் இங்கே நின்றபோது, தன் ஜனத்தை விட்டுத் தள்ளி வைக்கப்பட்ட கிழவருக்கு இந்தத் தண்ணீர் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தொண்டை அடைத்தது. மனைவி சத்தமாக வாசிக்கச் சொன்னாள். இருபத்தோராம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன்.