மட்கார்டை வெட்டுவதா, வேண்டாமா

என் பழைய ஜிப்ஸி வண்டிக்குப் பெயின்ட் அடிக்க நாள் குறித்துவிட்டேன். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம்தான் மூன்று பேர் மூன்று இடத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "பெயின்ட்டுக்கு முன்னாடி மட்கார்டை ஒரு இன்ச் வெட்டிருங்க. அப்புறம் வெட்ட முடியாது."

வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். வெள்ளை. வீடு நாமக்கல்லில், தோட்டம் கொல்லிமலையில், செம்மேடு தாண்டி ஒன்றரை ஏக்கர் மிளகும் காப்பியும். மாதம் மூன்று தடவையாவது மலையேறுவேன். காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் தேய்ந்த டயரை மாற்றும்போது, தோட்டத்துப் பாதையில் கல் அடிக்கிறதே என்று 205/70 ஆர் 15 அளவுக்குப் பதிலாக அதைவிடப் பெரிய 215/75 ஆர் 15 போட்டேன். காகிதத்தில் சின்ன மாற்றம்தான். கணக்குப் போட்டால் டயரின் குறுக்களவு 668 மி.மீ.-யிலிருந்து 704 மி.மீ. ஆகிறது. அதாவது மேலே 18 மி.மீ. இடம் போய்விட்டது.

முதல் மலைப் பயணத்திலேயே சத்தம் வந்தது. இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, என் காலடியில் "சர்ர்ர்" என்று ஒரு உரசல். இடதுபுறம் ஒடித்தால் வலது டயரின் பின்விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு வரும். வண்டியின் பாரமும் அந்தப் பக்கம்தான் சாயும். மட்கார்டின் கீழ்ப்பின் மூலையில் பெயின்ட் போய்த் தகடு பளபளத்தது.

வெட்டுவதென்றால் இப்போதுதான் வெட்ட வேண்டும் என்பது உண்மை. கிரைண்டர் பொறி புது பெயின்ட்டில் விழுந்தால் பொடிப்பொடியாகப் பதிந்து, ஒரு மழை கழித்துச் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். கண்ணாடியில் விழுந்தாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வெட்டிய விளிம்புக்கு பிரைமர் முதல் மேல்பூச்சு வரை எல்லாம் ஒரே கையில் போனால்தான் அது நிற்கும். பெயின்ட் கூலி மட்டும் 45,000 ரூபாய் பேசியிருந்தேன். அதை முடித்துவிட்டுப் பிறகு கட்டரைத் தூக்க எனக்கு மனசு வராது.

நான் வழக்கமாகப் போகும், வண்டித் தகடு வேலை செய்யும் டிங்கர் அண்ணன் முப்பது வருஷம் லாரி கேபின் கட்டியவர். எங்கள் ஊரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை, அங்கே பழகிய கை. அவரிடம் போய், நான்கு மட்கார்டையும் ஒரு இன்ச் வெட்ட வேண்டும் என்றேன்.

"எங்க உரசுதுன்னு காட்டுங்க அம்மிணி."

காட்டினேன்.

"முன்னாடி ஒரு மூலை உரசுதுன்னு நாலையும் எதுக்கு வெட்டோணும்?"

அவர் முதலில் எடுத்தது டேப். வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து சிமென்ட் தரையிலேயே சாக்பீஸில் எழுதினார். முன்பக்கம் டிரைவர் பக்கம் 22 மி.மீ. தாழ்ந்திருந்தது. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான லீஃப் பட்டைக்கு இருபது வயசு. எப்போதும் ஓட்டுகிறவர் மட்டும் உட்காரும் பக்கம். வண்டி தொய்ந்துதான் டயர் தகட்டைத் தொட்டிருக்கிறது. அளக்காமல் வெட்டியிருந்தால் தொய்வுக்கு ஏற்ப வெட்டியிருப்போம். பட்டை இன்னும் தொய்ந்ததும் மறுபடியும் உரசியிருக்கும், மறுபடியும் வெட்டியிருப்போம்.

அதனால் பெயின்ட்டைப் பத்து நாள் தள்ளிவைத்தேன். பட்டை செட் பண்ணுகிற கடையில் நான்கு செட்டையும் கழற்றி, வளைவு ஏற்றி, விரிசல் விட்டிருந்த ஒரு பட்டையை மாற்றி, புஷ், சென்டர் போல்ட், யு போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டேன். 7,800 ரூபாய் ஆயிற்று. வளைவு ஏற்றிய பழைய பட்டை மறுபடி கொஞ்சம் இறங்கும் என்று கடைக்காரரே சொன்னார். அதனால் ஒரு வாரம் ஓட்டிய பிறகே திரும்ப அளந்தோம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 4 மி.மீ.தான். மொத்த உயரம் 25 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தது.

பிறகு ஒரு சோதனை செய்தார், எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முன் வலது வீலை மரக்கட்டை மேல் ஏற்றினார். பின்னால் இடது வீலுக்கும் ஒரு கட்டை. உள்ளே நான்கு மணல் மூட்டை. மட்கார்டு விளிம்பின் உட்புறம் முழுக்க சாக்பீஸ் தேய்த்துவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிக்கச் சொன்னார். கட்டையை மாற்றி மறுபக்கமும் அதே மாதிரி. சாக்பீஸ் அழிந்தது முன்பக்கம் இரண்டு மூலைகளில் மட்டும், நான்கு விரல் அகலம். பின்னால் எங்கும் அழியவில்லை.

முன் மட்கார்டில் எனக்குத் தயக்கம் இல்லை. அது போல்ட்டில் நிற்கும் தனித் தகடு. கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். அண்ணன் அதைக்கூட நேராக அறுக்கவில்லை. அறுத்த தகடு கத்தி மாதிரி நிற்கும், அதிரும், அதிர்ந்தால் விரிசல் விடும் என்றார். 15 மி.மீ. ஆழத்துக்குப் பல் பல்லாகக் கீறி, ஒவ்வொரு பல்லையும் உள்பக்கம் மடித்து, நடுவில் சின்னச் சின்னதாக சிஓ2 வெல்டிங் புள்ளி வைத்து அரத்தால் ராவினார். வெளியே இருந்து பார்த்தால் கம்பெனியிலேயே அப்படித்தான் வந்தது போல இருக்கிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். எம்.பி.எஃப்.ஐ. வண்டி, எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி (இ.சி.எம்.) போனால் தேடி அலைய வேண்டும்.

பின்பக்கம்தான் மனசை அலைக்கழித்தது. அங்கே வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் சேர்ந்து ஸ்பாட் வெல்டில் பிடித்திருக்கும். அந்த விளிம்பை அறுத்தால் இரண்டு தகடும் பிரிந்து வாயைத் திறக்கும். கொல்லிமலைச் செம்மண்ணும் மழையும் நேரே உள்ளே போகும். தொடவே வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது இடது பின் விளிம்பில் காந்தம் ஒட்டவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்து வேலை, விரல் தடிமனுக்கு பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்கப் பூசும் பசை. அதை உடைத்தால் கீழே தகடே இல்லை, செதில் செதிலாகத் துரு. ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெட்டியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டபோது பழைய ஆசை திரும்ப வந்தது. புதுத் தகடு வைக்கும்போதே வளைவைப் பெரிதாக வைத்துவிட்டால் நாளைக்கு 235/75 டயரே போடலாமே? இரண்டு ராத்திரி அதையே யோசித்தேன். கடைசியில் வேண்டாம் என்றேன். 235-க்குப் போனால் கியர் இன்னும் இழுக்கத் திணறும், இந்த 1.3 லிட்டர் எஞ்சினில் அந்த மலைக்கு அது நல்லதில்லை. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். மட்கார்டை விட்டு டயர் வெளியே நீட்டினால் அடுத்த எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனையில்) பிரச்சினை வரும், என் வண்டிக்கு 2029-ல் அது இருக்கிறது. இதையெல்லாம் விட, ஜிப்ஸி வருவது நின்றுபோய்விட்டது. பின் பாடியில் கெடுத்ததைத் திரும்பக் கொண்டுவர எனக்கு வழி இல்லை.

நன்றாக இருந்த வலது பக்க வளைவை அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பி வைத்து, இடது பக்கத்துக்கு அதே கோட்டில் தகடு அடித்தார் அண்ணன். பெட்ரோல் டேங்க்கை இறக்கிவிட்டுத்தான் அங்கே வெல்டிங் வைத்தோம். உள்ளே எபாக்சி பிரைமர், இணைப்பில் சீலர், காய்ந்த பின் உட்குழிவில் மெழுகு. விளிம்பில் ரப்பர் பீடிங் வைக்கலாமா என்று பெயின்டர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அதற்குள் தண்ணீர் தங்கினால் வெளியே தெரியாது. நிறம் பழைய வெள்ளையே. மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும்.

போன வாரம் ஆறு மூட்டை மிளகோடு இறங்கினேன். கிளம்பும் முன் நான்கு மட்கார்டின் உள்விளிம்பிலும் சாக்பீஸ் தேய்த்திருந்தேன். 70 வளைவிலும் ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்தபடியே வந்தேன். காரவள்ளியில் நிறுத்தி, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் இரண்டும் அப்படியே இருந்தன. பின்னால் இடது பக்கம் மட்டும் அரை விரல் அளவு அழிந்திருந்தது. அந்தப் பக்கம் ஆக்ஸில் ரொம்ப மேலே ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.