பெரியம்மாவின் டெபாசிட்

மார்ச் 5, புதன்
காலையிலேயே திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பெரியம்மா போன். நவம்பரிலிருந்து மாத வட்டி 3,000 ரூபாய் வரவில்லையாம். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. தேடிப் பார்த்ததும் பகீரென்றது. பெரியம்மா டெபாசிட் போட்டிருந்த மும்பை நிதி நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கி போட்ட திவால் மனுவைக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பிப்ரவரி 28 அன்றே ஏற்று, நிர்வாகியையும் நியமித்துவிட்டது. வர வேண்டிய பணத்தைக் கேட்டு க்ளெய்ம் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 14. பத்திரிகை அறிவிப்பு ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வந்திருக்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஊரில்தான் சட்டப்படி கட்டாயமாம், மற்ற ஊர்களில் போடுவது நிர்வாகியின் முடிவாம். கடலூரில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை கண்ணில் அது எப்படிப் படும்? எனக்கு இது அநியாயமாகவே தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி
பீரோவிலிருந்து ரசீதையும் பாஸ்புக்கையும் எடுத்தோம். நான்கு லட்சம், 9 சதவீத வட்டி. முழுக்க ரிட்டையர்மென்ட் பணம்.

"அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டுன்னு சொல்லுவாங்களே, இதுக்கும் வரும்தானே?"

அந்தக் காப்பீடு வங்கி டெபாசிட்டுக்கு மட்டும்தான், பெரியம்மா. 2020இல் ஒரு லட்சத்தை ஐந்து லட்சமாக்கியபோதும் நிதி நிறுவனங்களை அதில் சேர்க்கவில்லை.

"ரிசர்வ் பேங்க்ல பதிவான கம்பெனின்னு சொல்லித்தானேடா வாங்கினான்."

பதிவு உண்மைதான். ஆனால் பணம் திரும்பி வரும் என்று ரிசர்வ் வங்கி அதில் உறுதி தருவதில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்
டெபாசிட்தாரர்கள் க்ளெய்ம் கொடுக்க 'சிஏ' என்ற படிவம். மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். முதிர்வுத் தேதி வரைக்குமான வட்டியைப் போடச் சொன்னார் பெரியம்மா. அப்படிப் போட முடியாது. திவால் நடவடிக்கை தொடங்கிய நாளோடு கணக்கு நின்றுவிடும். நான்கு மாத பாக்கி 12,000 சேர்த்து 4,12,000 என்று எழுதினோம். டெபாசிட்தாரர்கள் சார்பில் கடன் கொடுத்தோர் குழுவில் வாக்களிக்க மூன்று பேரின் பெயர் கொடுத்திருந்தார்கள். சென்னை முகவரி இருந்தவரைக் குறித்தோம். தமிழில் பேசினால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கைதான்.

மார்ச் 12, புதன்
மாசி மகம். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக் கூட்டத்தில் ஆட்டோவே கிடைக்கவில்லை. மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை வரை பெரியம்மா நடந்தே வந்தார். ரசீதின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொன்னது அவர்தான், நான் விட்டிருப்பேன். அனுப்பியதும் வந்த பதிலைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பர்சில் மடித்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 25, செவ்வாய்
ஏற்றுக்கொண்ட க்ளெய்ம்களின் பட்டியல் வெளியாகிவிட்டது. பெரியம்மா பெயர் இருக்கிறது, தொகையும் அப்படியே. ஏற்றுக்கொண்டதாலேயே அவ்வளவும் கைக்கு வந்துவிடாது. நடைமுறைச் செலவு, அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகள், ஊழியர் சம்பளம் எல்லாம் போகத்தான் நம் வரிசை. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நெல்லிக்குப்பத்துல கணக்கு டீச்சரும் அதே ஏஜென்ட்கிட்டதான் போட்டா. அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

கேட்டுப் பார்த்தோம், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 14ஆம் தேதி போனால் என்ன, தொடங்கிய நாளிலிருந்து 90 நாள், அதாவது மே 29 வரை கொடுக்கலாம். நாளைக் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.